கரைக்குப் பாடு வைத்த ஊர்

1

பணக்காரர்களின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தனியார் படகுத்துறை கட்டுவதுதான் என் பிழைப்பு. ஊரில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு முறைப்பார்கள். போன வருஷத்துக்கு அப்புறம் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள்.

நான் இருக்கும் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் கடல்நீரை நிலத்துக்குள் வெட்டி இழுத்துக் கால்வாய் கால்வாயாக ஓட விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு மிதவை மேடை. அதற்கு இங்கே பான்டூன் என்று பெயர். கம்பத்தை ஊன்றி, மேடையைக் கோத்து, படகு கட்டக் கொக்கி வைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. எந்தத் தெருவில் நின்றாலும் தண்ணீர் தெரியும். ஆனால் அதில் காலை நனைக்க வேண்டுமானால் யாராவது ஒருவருடைய கேட்டைத் தாண்ட வேண்டும்.

போன வாரம் ஒரு வயதான அம்மாள் வீட்டில் வேலை. தேநீர் கொடுத்துவிட்டு, "உங்கள் ஊரிலும் இப்படித் துறைகள் உண்டா?" என்று கேட்டார்.

"ஒன்று வரப் பார்த்தது. என் அக்கா விடவில்லை" என்றேன்.

"நல்ல பெண்மணி" என்று மனமாரப் பாராட்டிவிட்டு, தன்னுடைய துறை வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார்.

இந்தத் தை மாதத்தோடு அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. பொன்னேரிக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் இதை வாட்ஸ்அப்பில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் நான்தான் கதாநாயகன், வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு போன் போட்டு, துறை கட்ட வந்த கம்பெனியை ஓட வைத்தவன். நடந்தது அப்படி இல்லை. அதைத் திருத்தி எழுதாவிட்டால் என் அக்கா தேசராணியின் முகத்தில் நான் விழிக்க முடியாது.

2

பழவேற்காடு ஏரியில் பசியாவரத்துக்குப் படகில் போகும் வழியில் எங்கள் குப்பம். ஊருக்கு ஒரே ஒரு நல்ல கரைதான் உண்டு. அந்த இடத்தில் மட்டும் அடியில் மணல். மற்ற இடமெல்லாம் முழங்கால் வரை இழுக்கும் சேறு. படகு வந்து நிற்பதும், இறால் ஏலம் போவதும், பெண்கள் கூடையை நிரப்பிக்கொண்டு சந்தைக்குக் கிளம்புவதும் அந்தக் கரையில்தான். ஆரம்பாக்கம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா, மாமா இறந்த பிறகு எங்கள் அப்பா, நைனாவின் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு போடுவது அந்தக் கரைதான். விடியும்போது ஏலத்தில் இறால் எடுத்து, பஸ் ஏறி, மதியத்துக்குள் பொன்னேரியில் விற்றுவிட்டு வருவாள்.

கரையை ஒட்டியிருந்த மேட்டு நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவரிடமிருந்து ஒரு கம்பெனி வாங்கியது. பூநாரை பார்க்க வரும் விருந்தாளிகளுக்கு விடுதி கட்டப் போகிறார்களாம். கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் ஊரும் இருந்தது. விருந்தாளிகளின் படகு வந்து நிற்க ஒரு துறையும், துறையைச் சுற்றிக் கம்பி வேலியும் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய்க் கரையேறிக்கொள்ளுங்கள் என்றார்கள். கொஞ்சம் தள்ளி என்றால் சேறு. தலையில் கூடையோடு அந்தச் சேற்றில் நடந்து பார்த்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள்.

துறைக்கு அனுமதி இன்னும் வரவில்லை. ஊரில் ஒரு முக்கியமான ஆள் சம்மதம் என்று சொல்லிவிட்டால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி நினைத்தது. அந்த ஆளைத் தேடித்தான் ஒரு மேனேஜரை அனுப்பினார்கள். இள வயசு, நல்ல பேச்சு. வரும்போதெல்லாம் ஒரு கிலோ மிக்சர் வாங்கி வருவாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் மேலதிகாரி உண்டு.

3

வெளியூர் வாசகர்களுக்குப் பாடு என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஓடாது. ஓடும் இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் கல்யாணமான ஒவ்வொரு ஆணின் பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைதான் பாடு. அடுத்தவன் பாட்டில் வலையை இறக்குவதைப் போல ஒரு கேவலம் எங்கள் பக்கம் கிடையாது. வாய்ச்சண்டை போட்டவர்களோடு சேர்ந்து கொள்வார்கள். பாட்டில் இறங்கியவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

மேனேஜர் வந்து போனதும் ஊர்க்கூட்டம் கூடியது. சம்மதத்துக்கு யாரை அணுகுவார்கள், யார் சறுக்குவார்கள் என்று பேச்சு வந்தது. தலைவர் தனபால் அண்ணன் நல்லவர், ஆனால் மூன்று பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டியவர். அதை அவரே கூட்டத்தில் சொன்னாராம்.

"என்னிய நம்பி கரைய உடாதீங்க. நானும் மன்சந்தான். ஒரு நாளு பெரிய எடத்துலேந்து வந்து தோள்ல கைய போட்டான்னா, நா இன்னா பேசுவேன்னு எனக்கே தெரியாது."

இப்படி ஒரு தலைவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் கரைக்கே பாடு வைத்துவிட்டார்கள். நாளுக்கு ஒரு வீடு. அன்றைக்குக் கரை அவன் பொறுப்பு, அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் அவன் பேச்சுக்கு மதிப்பில்லை.

மேனேஜர் பட்ட பாட்டை அக்கா போனில் சொல்லும்போது சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறியது. திங்கள்கிழமை ஒருவரிடம் பாதி நாள் உட்கார்ந்து, குடும்ப நிலவரமெல்லாம் கேட்டு, தலையாட்ட வைத்துவிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமை வேறொருவர் பீடி புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"நேத்து அவரு ஒத்துக்கினாரே."

"நேத்து அவரு பாடு சார். இன்னிக்கு எம்பாடு. மொதல்லேந்து சொல்லுங்க."

அவரும் முதலிலிருந்து சொல்வார். மிக்சரும் நாளுக்கு ஒரு பொட்டலமாகப் போனது. யாரை மடக்குவது என்று தெரியாமல், "உங்க ஊர்ல ஓனர்னு யாருமே இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாராம். கேட்டவரிடம், உட்கார்ந்திருந்தவர் மிக்சரை நீட்டி, "எடுத்துக்குங்க சார், நீங்க ஒன்னும் சாப்டவே இல்ல" என்றாராம்.

4

எல்லாம் நன்றாகத்தான் போனது, என் பேர் வரும் வரை.

ஊரைவிட்டுப் போனவன் பேரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவதுதான் வழக்கம். நைனா இருந்தவரை எங்கள் வீட்டுச் சீட்டில் அவர் பேர். அவர் போன பிறகு, பையன் என்றைக்காவது வருவான் என்று என் பேரை எழுதி விட்டுவைத்திருந்தார்கள். இங்கே விசா, வரி, உரிமம் என்று எத்தனையோ இடத்தில் என் பேர் இருக்கிறது. அந்தச் சீட்டில் இருப்பதை நினைத்தால் மட்டும் நெஞ்சு நிமிரும்.

ஆள் ஊரில் இல்லாவிட்டால் அவன் பாட்டில் வலை விழாது. அன்றைக்கு அந்த இடம் சும்மா கிடக்கும். கரைக்கும் அதே சட்டத்தை வைத்தார்கள், யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. என் முறை வந்த நாளில் கரை காலியாகக் கிடந்தது.

மேனேஜர் முட்டாள் இல்லை. என்றைக்கு யாரும் உட்காரவில்லை என்பதைக் கவனித்துவிட்டார். அடுத்த சுற்றில் அதே நாளில் ஒரு பெரிய படகில் ஆட்களோடு வந்து, மணல் இருந்த இடமாகப் பார்த்து வரிசையாக இரும்புக் கம்பங்களை அடித்துவிட்டுப் போனார்கள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போனில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தனபால் அண்ணனிடம் கத்தினேன். "இத்தினி பேரு இருந்துக்கினு ஒருத்தன்கூட எறங்கலயா?"

"உம்பாட்டுல நாங்க எப்டிப்பா எறங்குவோம்?" என்றார். அவர் குரலில் உண்மையான குழப்பம் இருந்தது.

உலகத்தில் வேறு எந்த ஊரும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. திருடன் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் பாட்டில் கை வைக்காத ஊர் அது.

அடுத்த சுற்றில் என் நாள் வரும்போது பலகையைப் பொருத்தி வேலியையும் போட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சட்டத்தை மாற்றலாமா என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். அடுத்த வருஷம் சீட்டு குலுக்கும் முன் நடுவில் பாட்டை மாற்றினால் நாளைக்கு இறாலுக்கும் எவனாவது மாற்றச் சொல்வான் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கிளம்பி வரலாம் என்றால், நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பம் பாதியில் நின்றது. நடுவில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியுமா என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள்.

அக்காதான் வழி சொன்னாள். "நீ போன்ல ஒக்காரு. நா போன புட்ச்சுக்குறேன்."

போனில் உட்கார்ந்தால் உட்கார்ந்த கணக்கா என்று அதற்கும் ஒரு கூட்டம். கால் கரையில் படவில்லையே என்று ஒருவர் ஆட்சேபித்தாராம். "கண்ணு இங்க கீது, பேச்சு இங்க கீது. காலு ஒன்னுதான் இல்ல. நம்ம ஊர்ல காலு மட்டும் கீறவன் எத்தினி பேரு" என்று தனபால் அண்ணன் முடித்து வைத்தார்.

5

எனக்கு விடுப்பு வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் காரணம் கேட்டார்கள். உடல்நலக் குறைவு, குடும்பத்தில் மரணம், பிரசவம், நீதிமன்றக் கடமை என்று வரிசையாக இருந்தது, கரையில் உட்காருவதற்கு ஒன்றும் இல்லை. நேராக மேலதிகாரி டேரனிடம் போனேன். வெயிலில் காய்ந்து சிவந்த, அதிகம் பேசாத மனிதர்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். ஊரில் என் முறை வருகிறது. நான் உட்கார வேண்டும்."

"எதில்?"

"கரையில். போன் வழியாக."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்வது போலவா?"

நான் யோசித்துப் பார்த்து, ஆமாம் என்றேன். அவரே நீதிமன்றக் கடமை என்பதை அழுத்திவிட்டார். யாரை எதிர்த்து உட்காருகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அங்கே காலை என்றால் இங்கே மதியம் நெருங்கும் நேரம். பள்ளி விடுமுறை என்பதால் மகள் திவ்யா வீட்டில் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அத்தையிடம் பேசச் சொன்னால் "ஹலோ அத்தை, சாப்பிட்டீங்களா?" என்பதோடு அவள் தமிழ் இருப்பு தீர்ந்துவிடும். அன்றைக்கு என்னமோ சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா போனை இறால் கூடையில் சாய்த்து வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடையின் விளிம்பு, அவள் முழங்கை, அதற்கு அந்தப் பக்கம் ஏரி. ஏரிக்குள் அந்தக் கம்பங்கள். பார்த்ததுமே என்ன ரகம் என்று தெரிந்தது, அதே மாதிரிக் கம்பத்தை முந்தின நாள் நானே ஊன்றியிருந்தேன்.

படகு வந்தது. பலகைகள், கம்பிச் சுருள்கள், ஆட்கள். மேனேஜர் இறங்கி வந்து குனிந்து போனைப் பார்த்தார்.

"வணக்கம் சார். நீங்க ஆஸ்திரேலியால இருக்கீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்பா. இன்னிக்கு எம்பாடு. வேல நடக்காது, எடுத்துக்கினு போங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க அங்க இதே வேலைதான் பண்றீங்களாமே. அங்க கட்டலாம், இங்க கூடாதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுபோனது. மேனேஜரின் கன்னமும் பாதி வானமும் அப்படியே உறைந்து நின்றன. எங்கள் ஊரில் காற்று திரும்பினால் சிக்னல் போய்விடும்.

நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். கிடைக்கவில்லை. ஆள் இல்லாத பாடு ஆகிவிட்டது. ஊர் ஆண்கள் இந்நேரம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், பலகை ஏறிக்கொண்டிருக்கும். திவ்யா என் கையிலிருந்து போனை வாங்கி அவளும் அழுத்திப் பார்த்தாள். "அத்தை எங்கப்பா? அத்தைக்கு என்ன ஆச்சு?" என்றாள். அவள் தமிழில் கேட்டதை நான் சாயங்காலம்தான் உணர்ந்தேன்.

6

நான் பார்க்காததை அக்காவும் தனபால் அண்ணனும் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

போன் செத்துப்போனதை மேனேஜர் பார்த்தார். ஆட்களுக்குக் கையைக் காட்டினார். அவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா எழுந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போய், முதல் கம்பத்துக்கும் இரண்டாவது கம்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் மார்பு வரை.

கரையில் நின்ற ஆண்களில் ஒருவர் பதறி, "தேசராணி, அது உன் தம்பி பாடும்மா, அவன் இல்லாதப்ப நீ எறங்கக் கூடாது" என்று கத்தினார்.

அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னது இதுதான். "பாடு கீறவன்தான் அட்த்தவன் பாட்ட தாண்டக் கூடாது. எங்களுக்கு இன்னா பாடு குட்த்தீங்க, தாண்டறதுக்கு?"

சீட்டு குலுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதில் ஒரு பெண்ணின் பேர் விழுந்ததில்லை. ஆகவே எந்தச் சட்டமும் பெண்களைக் கட்டாது. யார் நாளாக இருந்தாலும் அவர்கள் இறங்கலாம். இத்தனை கூட்டம் போட்டு, கால் கணக்கு கண் கணக்கு எல்லாம் பார்த்த ஊருக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. சொல்லப்போனால் அக்காவுக்கும் தண்ணீரில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியதாம்.

ஏலத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையோடு இறங்கினார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஒருத்தி. பலகை தூக்கி வந்த ஆட்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான். பெண்களைத் தாண்டிப் பலகை போட மாட்டோம் என்று இறக்கி வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். மேனேஜர் வெயிலில் வெகுநேரம் நின்றார். அக்கா அவரைப் பார்த்து, "நைனா, தண்ணி வேணும்னா ஊட்டுல சொல்லி குடிச்சிட்டு போ" என்றாளாம். அவர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பெண்களுக்கு முறை கிடையாது என்பதால் மறுநாள் எழுந்துபோக வேண்டிய அவசியமும் இல்லை. இஷ்டப்பட்டவர்கள் இஷ்டப்பட்ட நேரம் வந்து உட்கார்ந்தார்கள். யார் என்றைக்கு வருவார்கள் என்று மேனேஜரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெண்களே பொன்னேரிக்குப் போய்த் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள், ஒரு தரம் இல்லை, பல தரம். இறால் விற்கப் போகும்போதெல்லாம் கூடையோடு உள்ளே போய்விட்டு வருவார்களாம். அந்த வாசனைக்குப் பயந்தே கோப்பு நகர்ந்தது என்பது அக்காவின் கட்சி. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அனுமதி வருவதற்கு முன் ஊன்றியது செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனியே வந்து கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனது.

இதில் நான் செய்தது என்னவென்றால், படம் நின்ற போனை வைத்துக்கொண்டு கோல்டு கோஸ்ட்டில் உட்கார்ந்திருந்தது. வாட்ஸ்அப்காரர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

7

இந்த வருஷம் புதிதாகச் சீட்டு குலுக்கினார்கள். அதற்கு முந்தின நாள் தனபால் அண்ணன் கூப்பிட்டார். நேரே விஷயத்துக்கு வராமல் இங்கே மழை உண்டா, திவ்யா எத்தனாவது படிக்கிறாள் என்று சுற்றினார்.

"உம்பேர எடுத்துட்டு தேசராணி பேர எழுதலாம்னு ஊர்ல பேசிக்கிறாங்கப்பா. நீ இன்னா சொல்ற?"

சந்தோஷம் என்றுதான் சொன்னேன். சந்தோஷம்தான். பெண் பேரில் எங்கள் ஊரில் விழும் முதல் சீட்டு அது. போனை வைத்த பிறகு பின்கட்டுக்குப் போய் நின்று அழுதேன். நைனா பேருக்கு அப்புறம் என் பேர் இருந்த இடம். இனி ஊரில் நான் விருந்தாளி. இதில் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரியும், ஆனாலும் வருத்தமாக இருந்தது.

பாடே இல்லாமல் ஜெயித்தவருக்கு இப்போது பாடு எதற்கு என்று திவ்யா கேட்டாள், ஆங்கிலத்தில்தான். அதை அக்காவிடம் சொன்னேன்.

"அடிப்பாவி. பாடு இல்லாதப்ப காவலுக்கு ஒக்காந்தோம். பாடு வந்தா எறா புடிக்கலாம்ல" என்றாள் அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரைப் பாட்டை மட்டுமே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரியில் எங்கள் வீட்டு இறால் பாடும் இத்தனை வருஷம் என் பேரில் சும்மா கிடந்தது. அந்த நாட்களில் எல்லாம் அவள் அடுத்தவர் இறாலை ஏலத்தில் எடுத்துச் சுமந்திருக்கிறாள்.

நேற்று அவளுடைய முதல் பாடு. டேரனிடம் அரை நாள் கேட்டேன்.

"மறுபடியும் உன் முறையா?"

"இல்லை, என் அக்காவின் முறை."

"அப்படியென்றால் உனக்கு அங்கே என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை" என்றேன். அவர் போ என்றார்.

தனபால் அண்ணனின் படகில், கூட வந்த இரண்டு பெண்களோடு அக்கா கழிகளை ஊன்றிக் கட்டிய வலைக்குப் பக்கத்தில் இருந்தாள். போனைக் கூடையில் சாய்த்திருந்தாள். இந்தத் தரம் சிக்னல் நன்றாக இருந்தது. திவ்யா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"ஷ்" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "இன்னிக்கு எம்பாடு. கம்முனு பாத்துக்கினு இரு."

நான் கம்மென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.